மோவர் கவுண்டியின் வாக்கு: ஓர் இறைச்சி ஆலை ஊர் கட்சி மாறியது எப்படி?

1. கணக்குப்பிள்ளை

அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ‘தொழிலாளர்கள் ஜனநாயகக் கட்சியைக் கைவிட்டுவிட்டார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரியை ஒரே ஓர் ஊரில் வைத்து உரசிப் பார்க்கலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். நான் எடுத்துக்கொண்டது மினசோட்டா மாநிலத்தின் தென்கிழக்கில், அயோவா எல்லையை ஒட்டி இருக்கும் மோவர் கவுண்டி. (கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பகுதி.) 2020 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 40,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் 26,000 பேர் தலைநகரான ஆஸ்டினில் இருக்கிறார்கள். (டெக்சஸின் ஆஸ்டின் வேறு.) சுற்றிலும் சோளமும் சோயாவும், நடுவே 1891-இல் ஜார்ஜ் ஹார்மெல் தொடங்கிய பன்றியிறைச்சி நிறுவனம். 1937-இல் ‘ஸ்பாம்’ என்ற டப்பா இறைச்சி பிறந்தது இந்த நிறுவனத்தில்தான்.

இனி வாக்குக்கு வருகிறேன். 1964-இல் ஜான்சனில் தொடங்கி 2012-இல் ஒபாமா வரை இந்தக் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத்தான் ஆதரித்து வந்தது. 1984-இல் நாடே ரீகன் பக்கம் சாய்ந்தபோதும் மோவர் மாண்டேலோடு நின்றது. 2012-இல் ஒபாமா இங்கே சுமார் 60 விழுக்காடு பெற்றார். அடுத்த தேர்தலிலேயே ஹிலாரி கிளிண்டன் சுமார் 42 விழுக்காட்டுக்கு இறங்க, டிரம்ப் 50 விழுக்காட்டைத் தொட்டு வென்றார். 2020-இலும் 2024-இலும் டிரம்ப் கையைவிட்டு அது போகவில்லை.

என் ஊகம் இது. 1985-86 ஹார்மெல் வேலைநிறுத்தத்தில் ஆலைக்குப் பாதுகாப்பாகத் தேசியக் காவல் படையை அனுப்பியவர், மாநிலத்தில் தொழிலாளர் பெயரையே கட்சிப் பெயரில் சுமந்த ஜனநாயக-விவசாயி-தொழிலாளர் கட்சியின் ஆளுநர் ரூடி பெர்பிச். (மினசோட்டாவில் ஜனநாயகக் கட்சி அந்தப் பெயரில்தான் இயங்குகிறது.) அந்தத் துரோகத்தின் வட்டியைத்தான் கட்சி 2016-இல் கட்டியது என்று நினைக்கிறேன். நண்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?

2. ஓடைக்கரையாள்

கணக்குப்பிள்ளை ஐயா, 1986-ஐ மட்டும் தனியே எடுத்தால் அந்தக் காயத்தின் ஆழம் புரியாது. அந்த ஊர்க்காரர்களுக்கு ஆளுநர் என்றால் என்ன நினைவு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1933 நவம்பரில் ஆஸ்டின் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து மூன்று நாள் அதைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் முதல் உள்ளிருப்புப் போராட்டங்களுள் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அப்போது ஆளுநராக இருந்த ஃபிளாய்ட் ஓல்சன், விவசாயி-தொழிலாளர் கட்சிக்காரர். அவர் படையைக் கொண்டு அவர்களை வெளியேற்றவில்லை. தாமே ஆஸ்டினுக்கு வந்து இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். அதன் பிறகுதான் ஜே ஹார்மெல் ஆண்டு முழுவதற்கும் உறுதி செய்யப்பட்ட ஊதியம், வேலைநீக்கத்துக்கு 52 வார முன்னறிவிப்பு என்று, வேறு எங்கும் எளிதில் கிடைக்காத ஏற்பாடுகளைக் கொண்டுவந்தார். அந்த ஆலையில் வேலை கிடைத்தவர் வீடு வாங்கினார், பிள்ளையைப் படிக்கவைத்தார், ஓய்வூதியத்தோடு வெளியே வந்தார்.

அடுத்தது 1959. பக்கத்துக் கவுண்டியான ஃபிரீபார்னில் இருக்கும் ஆல்பர்ட் லீ நகரில் வில்சன் நிறுவனத்தின் இறைச்சி ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. நிர்வாகம் கருங்காலிகளை உள்ளே விட்டதும் கலவரம் மூண்டது. ஆளுநர் ஆர்வில் ஃபிரீமன் டிசம்பரில் இராணுவச் சட்டத்தை அறிவித்துத் தேசியக் காவல் படையை இறக்கினார். படை எதற்கு வந்தது என்பதைக் கவனியுங்கள்: ஆலையை மூடுவதற்கு. கூட்டாட்சி நீதிமன்றம் அதே மாதத்தில் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஃபிரீமன் தோற்றும் போனார்.

ஆக, ஆஸ்டினில் ஒரு குடும்பத்தின் தாத்தாவுக்குப் பேச வந்த ஆளுநரைத் தெரியும். அப்பாவுக்கு ஆலையை மூடப் படை அனுப்பிய ஆளுநரைத் தெரியும். 1986 ஜனவரிக் குளிரில் வாசலில் நின்ற மகனுக்கு ஆலையைத் திறந்துவைக்கப் படை அனுப்பிய ஆளுநரைத் தெரியும். கடைசி இருவரும் ஒரே கட்சி. முதலாமவரின் கட்சி 1944-இல் ஜனநாயகக் கட்சியோடு இணைந்து உருவானதுதான் அது.

3. செந்தாழை

இருவரும் எழுதியது நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் காலக்கணக்கு இடிக்கிறதே.

1984 அக்டோபரில் நிர்வாகம் மணிக்கு 10.69 டாலராக இருந்த கூலியை 8.25 டாலராக வெட்டியது. 1985 ஆகஸ்டில் பி-9 என்ற உள்ளூர்ச் சங்கக் கிளையின் ஏறத்தாழ 1,500 பேர் வெளியே வந்தார்கள். 1986 ஜனவரியில் ஆலை திறக்கப்பட்டது, படை வந்தது, சங்க உறுப்பினர்களிலேயே சில நூறு பேர் மறியலைத் தாண்டி உள்ளே சென்றார்கள். தாய்ச் சங்கமே அந்தக் கிளையின் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டு செப்டம்பரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அண்ணன் உள்ளே, தம்பி வெளியே என்று குடும்பங்கள் பிளந்த கதை அந்த ஊரில் ஏராளம்.

இந்தக் கோபம் வாக்குப் பெட்டிக்குள் போவதாக இருந்தால் 1988-இல் அல்லவா போயிருக்க வேண்டும்? போகவில்லை. டுகாகிஸ், இருமுறை பில் கிளிண்டன், கோர், கெர்ரி, இருமுறை ஒபாமா என்று வரிசையாக அதே கட்சியை அந்த ஊர் தேர்ந்தெடுத்திருக்கிறது. முப்பது ஆண்டு காத்திருந்து பழிவாங்கும் வாக்காளரை நான் கண்டதில்லை. கடன்காரன்கூட அவ்வளவு பொறுக்க மாட்டான். கோபம் எங்கோ தேங்கியது என்று சொல்ல வேண்டுமானால் 1992-ஐக் காட்டலாம்: அந்த ஆண்டு மினசோட்டா முழுவதிலும் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ராஸ் பெரோ ஏறத்தாழ 24 விழுக்காடு வாங்கினார், 1998-இல் அவர் தொடங்கிய கட்சியின் சார்பில் ஜெஸ்ஸி வென்சுரா ஆளுநராகவே ஆனார். இரு கட்சியும் வேண்டாம் என்ற மனநிலை அந்த மாநிலத்துக்குப் புதிதன்று. ஆனால் அதிபர் தேர்தலில் மோவர் அதன் பிறகும் பழைய இடத்துக்கே திரும்பியதே, அதற்கு என்ன பதில்?

4. மூன்றாம்மணி

நான் ராச்செஸ்டரில் இருக்கிறேன். ஆஸ்டின் இங்கிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர். வேலை நிமித்தமாகப் பலமுறை போய்வந்திருப்பதால், புள்ளிவிவரத்தை விட்டுவிட்டுக் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

ஆலையில் பணிமுறை மாறும் நேரத்தில் வாசலுக்கு எதிரே காரை நிறுத்திப் பத்து நிமிடம் பார்த்திருக்கிறேன். வெள்ளை ரப்பர் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு, விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். நாள் முழுவதும் ஒரே வெட்டை வெட்டிய கை தானாக விரியாது என்று பின்னர் தெரிந்துகொண்டேன். காதில் விழும் மொழிகளில் ஆங்கிலம் குறைவு. ஸ்பானிஷ் அதிகம், பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களின் மொழி, சூடான், எத்தியோப்பியப் பக்கத்து மொழிகள் என்று கலந்து வரும். நகரத்தின் நடுத்தெருவில் மெக்சிகோ ரொட்டிக்கடையும் ஆப்பிரிக்க மளிகைக் கடையும் இருக்கின்றன.

2016 அக்டோபரில் அதே ஊரில் தெருத்தெருவாகப் போனபோது ஒன்றைக் கவனித்தேன். தேர்தல் பலகைகள் நடப்பட்டிருந்தவை பழைய சிறு வீடுகளின் புல்தரைகளில்தான். 1950-களில் ஆலைச் சம்பளத்தில் கட்டிய வீடுகள் அவை. வாசலில் அமெரிக்கக் கொடி, பக்கத்தில் ஊர்திக் கொட்டகை, உள்ளே பெரும்பாலும் முதியவர்கள். ஆலையிலிருந்து வெளியே வந்த அந்தக் கூட்டம் வாழும் வாடகைக் குடியிருப்புகளின் முன்னால் ஒரு பலகைகூட இல்லை. ஒரு கட்சிக்கும் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: ஆலையில் நிற்பவரும் வாக்குச்சாவடியில் நிற்பவரும் இப்போது வேறு வேறு ஆட்கள். முன்பு இருவரும் ஒருவராக இருந்தார்கள்.

5. கணக்குப்பிள்ளை

மூன்றாம்மணி, நீங்கள் சொன்னது என் தொடக்கக் கேள்வியையே ஆட்டிவிட்டது. ‘இறைச்சி ஆலை ஊர் கட்சி மாறியது’ என்று எழுதினேன். மாறியது கவுண்டிதான், தொழிலாளர் மாறினார்களா என்பதை அந்த எண்கள் சொல்லவே இல்லை.

ஆலைக்குள் ஆட்கள் மாறியது எப்படி என்பதற்கு ஒரு நேரடியான காரணம் உண்டு. வேலைநிறுத்தம் முடிந்த சில ஆண்டுகளில், 1980-களின் இறுதியில், பன்றிகளை வெட்டும் பகுதி குவாலிட்டி போர்க் புராசசர்ஸ் என்ற தனி நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போனது. ஒரே கூரை, நடுவே ஒரு சுவர். சுவரின் இந்தப் பக்கத்துக் கூலி வேறு, அந்தப் பக்கத்துக் கூலி வேறு. குறைந்த கூலிக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காதபோது மெக்சிகோவிலிருந்தும் நடு அமெரிக்காவிலிருந்தும், பின்னர் அகதிகளாக வந்தவர்களிடமிருந்தும் ஆள் எடுத்தார்கள். 2008 வாக்கில் அங்கே நாளொன்றுக்கு 19,000 பன்றிகள் வெட்டப்பட்டன. வேலை குறையவில்லை. அந்த வேலையோடு ஒட்டியிருந்த வீடும் ஓய்வூதியமும்தான் கழன்றுபோயின.

நாடு முழுவதற்கும் இதே கதைதான். அயோவாவின் டெனிசனில் 1960-இல் தொடங்கிய ஐ.பி.பி. நிறுவனம், நகரங்களில் சங்கம் வலுத்த பழைய ஆலைகளை விட்டுவிட்டு, மாடு வளரும் இடத்துக்கே ஆலையைக் கொண்டுபோனது. முழு உடலை அனுப்புவதற்குப் பதிலாக வெட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பினால் கைதேர்ந்த கசாப்புக்காரர் தேவையில்லை என்று கண்டுகொண்டது. உற்பத்தித் தொழில்களின் சராசரியைவிடக் கூடுதலாக இருந்த இறைச்சித் தொழிலாளியின் கூலி, 1980-களில் அந்தச் சராசரிக்குக் கீழே போய்விட்டது. பிறகு ஏறவே இல்லை.

6. நெடுவயல்

அப்படியானால் கேன்சசையும் சேர்த்துப் பேச வேண்டும். மோவர் ‘மாறியது’ என்பதால் நம் கண்ணில் படுகிறது. மாறாதவை ஏன் மாறவில்லை என்பதும் அதே அளவு சுவையான கேள்வி.

தென்மேற்குக் கேன்சசில் ஃபின்னி கவுண்டி இருக்கிறது. தலைநகர் கார்டன் சிட்டி. அதன் பக்கத்து ஹால்கம்பில் ஐ.பி.பி.யின் பிரம்மாண்டமான மாட்டிறைச்சி ஆலை 1980 டிசம்பரில் திறந்தது. இப்போது அது டைசன் நிறுவனத்தின் கையில். அடுத்து ஃபோர்டு கவுண்டி. தலைநகர் டாட்ஜ் சிட்டி, அங்கே இரண்டு பெரிய ஆலைகள். இவற்றில் லத்தீன் அமெரிக்க வழியினர் பாதிக்கு மேல். மக்கள்தொகையை மட்டும் பார்ப்பவர் ஜனநாயகக் கட்சிக்குச் சாதகம் என்று கணக்குப் போடுவார். ஆனால் அதிபர் தேர்தல்களில் இரண்டு கவுண்டிகளும் குடியரசுக் கட்சியை விட்டு அசையவில்லை.

காரணம் கண்கூடானது. ஆலை வருவதற்கு முன்பே அங்கே வாக்குப் பட்டியல் இருந்தது. அது கோதுமை விவசாயிகளும் மாட்டுப் பண்ணைக்காரர்களும் கடைக்காரர்களும் கொண்ட பட்டியல். ஆலை ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்தாலும் அவர்களில் பலர் குடியுரிமை இல்லாதவர்கள். நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கூடப் பொதுவாக ஐந்தாண்டு காத்திருந்துதான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். குடிமக்களாகப் பிறந்த அவர்களின் பிள்ளைகளோ பள்ளியில் இருக்கிறார்கள். கணக்கெடுப்பில் எண்ணப்படுவார்கள், வாக்குப் பட்டியலில் எண்ணப்பட மாட்டார்கள்.

தகுதி இருப்பவருக்கும் வழி எளிதாக இருந்ததா? கேன்சஸ் 2013 முதல், புதிதாகப் பதிவு செய்பவர் குடியுரிமைக்கான ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்று சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அதனால் 30,000-க்கும் மேற்பட்டோரின் பதிவு முடங்கியது. 2018-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இரண்டு அதிபர் தேர்தல்களுக்கு நடுவே வந்த அதே 2018-இன் இடைக்காலப் பொதுத்தேர்தலில் டாட்ஜ் சிட்டிக்கு இருந்த ஒரே வாக்குச்சாவடியை, சாலைப் பணியைக் காரணம் காட்டி, நகர எல்லைக்கு வெளியே கொண்டுபோனார்கள். 27,000 பேர் வாழும் ஊர்; சாவடி ஒன்று; அதுவும் பேருந்து போகாத இடத்தில். கத்தி பிடித்த கையோடு பணிமுறை முடிந்து வருபவர் அங்கே எப்படிப் போவார்? வழக்கு நடந்தது, செய்தி நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு நகருக்குள் இரண்டு சாவடிகள் வந்தன என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

மினசோட்டாவில் வாக்களிக்கும் நாளன்றே பதிவு செய்துகொள்ளலாம். 1970-களிலிருந்தே அந்த வசதி உண்டு. ஆகவே மோவரின் கதையைச் சட்டத் தடையால் விளக்க முடியாது.

7. செந்தாழை

நெடுவயல் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் ஓர் ஓட்டை இருக்கிறது. புதியவர்கள் வாக்களிக்கவில்லை என்றால் மோவரின் வாக்கு மாறாமல் அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஒபாமாவின் 60 விழுக்காட்டைக் கொடுத்தது பழைய பட்டியல்; டிரம்புக்கு 50 விழுக்காட்டைக் கொடுத்ததும் ஏறத்தாழ அதே பட்டியல். நான்கு ஆண்டில் யாரும் அவ்வளவு பேர் செத்துப்போய்விடவில்லை.

எண்களை மறுபடி பாருங்கள். ஜனநாயகக் கட்சி இழந்தது சுமார் 18 புள்ளி. குடியரசுக் கட்சியின் ஏற்றமோ, 2012 வேட்பாளர் ராம்னியின் 38-லிருந்து டிரம்பின் 50 வரை, சுமார் 12 புள்ளிதான். மீதம் மூன்றாம் கட்சிகளுக்குப் போயிருக்கிறது. அதாவது, விட்டுப்போனவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எதிர்ப்பக்கம் போகத் தயங்கி நடுவழியில் நின்றார்கள். 2020-இல் பைடன் சுமார் 46-க்கு ஏறினார். அந்தத் தயங்கியவர்களில் பலர் திரும்பினார்கள் என்றே தோன்றுகிறது. டிரம்புக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அவரும் 52-ஐ எட்டினார்.

8. ஓடைக்கரையாள்

செந்தாழையின் ஓட்டையை அடைக்க முயல்கிறேன்.

பழைய பட்டியலை ஜனநாயகக் கட்சியோடு கட்டிவைத்திருந்தது கொள்கையைவிடச் சங்கம் என்ற அன்றாடப் பழக்கம். சங்கக் கூடத்தில் நடக்கும் மீன் விருந்து, சங்கத்தின் செய்தித்தாள், வேட்பாளர் வந்தால் கைகுலுக்கும் வாசல், ‘நம்மவர் யாருக்குப் போடுகிறார்’ என்று கேட்டால் பதில் சொல்லும் ஆள். 1986-க்குப் பிறகு கட்சிமேல் கோபம் இருந்தாலும் இந்தப் பழக்கம் உடனே சாகவில்லை. அதனால்தான் 1988-இல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் அதைப் புதுப்பிக்க யாரும் இல்லாமல் போனார்கள். ஆலையில் இப்போதும் சங்கம் உண்டு. ஆயினும் அதன் இன்றைய உறுப்பினர்களில் பலர் வாக்காளர்கள் இல்லை. ஊரின் வாக்காளர்களில் பலர் அதன் உறுப்பினர்கள் இல்லை. ஓய்வுபெற்றவரின் மகன் கிடங்கில் லாரி ஓட்டுகிறார், மகள் ராச்செஸ்டர் மருத்துவமனைக்குப் போய்வருகிறார். அவர்களை அந்தக் கட்சியோடு கட்டும் கயிறு எதுவும் மிஞ்சவில்லை. இற்றுப்போன கயிற்றை ஒருவர் வந்து இழுத்தால் அறுந்துவிடும். 2016-இல் ஒருவர் வந்து இழுத்தார், அதுவும் குடியேற்றம் என்ற இடத்தில் கைவைத்து. தாத்தா நின்ற இடத்தில் வேறு மொழி பேசுபவர் நிற்பதைப் பார்க்கும் ஊரில் அந்தப் பேச்சு எப்படி விழும் என்று சொல்லவும் வேண்டுமா? கூலியை வெட்டியவர் யார் என்பது பழங்கதை. அந்தக் கூலிக்கு வந்தவர் யார் என்பது கண்ணெதிரே இருந்தது.

9. நெடுவயல்

இதற்குப் பக்கத்துணையாக ஒரு செய்தி. மினசோட்டாவின் 87 கவுண்டிகளில் 2012-இல் ஒபாமாவுக்கும் 2016-இல் டிரம்புக்கும் வாக்களித்தவை 19. அவற்றில் நான்கு மட்டும் 2020-இல் பைடனுக்குத் திரும்பின: புளூ எர்த், நிக்கலெட், வினோனா, கிளே. நான்கிலும் நான்காண்டுப் பட்டப்படிப்புக் கல்லூரிகள் உண்டு. ஆஸ்டினில் இருப்பது இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி. அது பட்டதாரிகளை ஊரில் தங்கவைக்கும் வகையைச் சேர்ந்ததன்று. கட்சிக்குப் புதிய அடித்தளம் கிடைத்த இடங்களில் வாக்கு மீண்டது. பழைய அடித்தளம் மட்டுமே இருந்த இடத்தில் மீளவில்லை. (2024-இல் அந்த நான்கிலும் சில மறுபடி டிரம்பிடம் போயின என்பது வேறு.)

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2022 ஆகஸ்டில் இந்தப் பகுதியின் நாடாளுமன்றத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தலில் ஜனநாயக-விவசாயி-தொழிலாளர் கட்சி நிறுத்திய வேட்பாளர் ஜெஃப் எட்டிங்கர். யார் அவர்? ஹார்மெல் நிறுவனத்தின் முன்னாள் தலைமைச் செயல் அலுவலர். 1986-இல் எந்த ஆலை வாசலில் கட்சி பிளந்ததோ, அந்த ஆலை நிறுவனத்தின் தலைவரே தொழிலாளர் பெயர் தாங்கிய கட்சிக்கு வேட்பாளர். நெருங்கி வந்தே தோற்றார். பெயரில் இருக்கும் ‘தொழிலாளர்’ என்ற சொல்லை எங்கே வைப்பது என்று கட்சிக்காரர்களுக்கே அன்று கூச்சமாக இருந்திருக்கும்.

10. மூன்றாம்மணி

2024-இல் அந்தத் தொகுதியின் பழைய உறுப்பினர் டிம் வால்ஸே ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்றும் மோவர் அசையவில்லை என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007 முதல் பன்னிரண்டு ஆண்டு இந்த ஊர்க்காரர்களைத்தான் அவர் நாடாளுமன்றத்தில் பேராளராக இருந்து காத்தார்.

எதிர்காலத்தைப் பற்றி ஊகிக்க விரும்பவில்லை. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். ஆஸ்டினின் பள்ளிகளில் இன்று படிக்கும் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். இங்கே பிறந்தவர்கள் பதினெட்டு வயதில் நேரே பட்டியலுக்கு வருவார்கள். அவர்கள் அப்படியே ஜனநாயகக் கட்சிக்குப் போவார்கள் என்று எண்ணுவது பழைய தப்பு. லத்தீன் வழியினரின் வாக்கு 2024-இல் நாடெங்கும் டிரம்ப் பக்கம் நகர்ந்ததைப் பார்த்தோம்.

11. கணக்குப்பிள்ளை

தொடக்கப் பதிவில் ‘துரோகத்தின் வட்டி’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஓடைக்கரையாள் அம்மா சொன்ன கயிறுதான் பொருத்தமான விளக்கம். தலைப்பையும் மாற்றலாமா என்று யோசித்தேன். ‘இறைச்சி ஆலை ஊர்’ என்பது சரிதான், ஆலைக்குள் நிற்பவரின் வாக்கு என்று யாரும் படிக்காதவரை.

அடுத்த வாரம் ஃபிரீபார்னை எடுத்துக்கொண்டு தனி இழை தொடங்குகிறேன். அதுவும் 2016-இல் மாறிய கவுண்டிதான். ஆனால் ஆல்பர்ட் லீயின் இறைச்சி ஆலை 2001 ஜூலையில் எரிந்து போனது. திரும்பக் கட்டவே இல்லை. ஆலையும் போய், புதிய தொழிலாளரும் அந்த ஆலைக்கென்று வராத ஊர், ஆலை நின்ற ஊரைப் போலவே கட்சி மாறியிருக்கிறது என்றால் குடியேற்றத்துக்கு நாம் கொடுத்த எடை கூடுதலாகிவிட்டதா என்று சோதிக்க வேண்டும். மூன்றாம்மணி, அந்தப் பக்கம் போனால் ஆலை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.